சீட்டின் கடைசி வரி

ராயபுரம், திருப்பூர்
19.1.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

சித்ராதேவி எழுதுகிறேன். இங்கே நானும் அவரும் வர்ஷினியும் சுகமாக இருக்கிறோம். உன் முழங்கால் வலி குறைந்ததா? மதினியும் முனீஸும் எப்படி இருக்கிறார்கள்? பொங்கலுக்கு நீ கொடுத்தனுப்பிய கருப்பட்டி வந்தது. கூடவே இரண்டு வரி எழுதியிருக்கலாம், எழுதவில்லை. பரவாயில்லை, நான் ஆரம்பிக்கிறேன்.

நாம் போனில் பேசினால் ஐந்தாவது நிமிடம் சண்டையாகிவிடுகிறது. மதினியின் சித்தி மகளுக்குப் பதினாறு வயதில் நடக்க இருந்த கல்யாணத்தை நான் உதவி எண்ணுக்குச் சொல்லி நிறுத்தி இரண்டு வருஷம் ஆகிறது. போலீஸ்காரன் வீட்டுச் சொந்தத்திலேயே போலீஸ் வந்தது என்று ஊர் சிரித்ததை நீ இன்னும் மறக்கவில்லை. நானும் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. அதனால்தான் கடிதம். எழுதினால் அடித்துத் திருத்தவாவது நேரம் இருக்கும். ஸ்டேஷனில் ரைட்டராக இருக்கிற உனக்கு எழுதக் கை வலிக்காது.

எனக்கு வேலை மாறிவிட்டது. பனியன் கம்பெனித் தொழிலாளர் குடும்பங்களுக்கு ஒரு டிரஸ்ட் நடத்தும் உதவி மையத்தில் மனநல ஆலோசகர். வாசலில் ‘ஒருங்கிணைந்த சேவைகள்’ என்று பெரிய போர்டு. உள்ளே போனால் நாலு மேஜை, நாலு பீரோ, நாலு பூட்டு. நர்ஸ் சாரதாமணி, வக்கீல் லிங்கசாமி, போலீஸ் உதவி மேஜையில் நித்யஸ்ரீ, நான். மாடியில் பெண்கள் தங்குமிடம். ஒரு மேஜையிலிருந்து அடுத்த மேஜைக்குப் பத்தடிகூட இல்லை. ஆனால் ஒருவர் வைத்திருக்கும் பதிவேடு இன்னொருவர் கண்ணில் படாது.

பதில் எழுது அண்ணே. முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

உன் தங்கை
சித்ரா

*

2.2.2025

அன்புத் தங்கச்சி சித்ராவுக்கு,

அண்ணன் ஜெயபாண்டி எழுதுவது. எல்லோரும் சுகம். கால்வலி அப்படியேதான் இருக்கிறது, ஒத்தடம் கொடுக்க இங்கே யாருக்கும் நேரமில்லை. மாப்பிள்ளை அந்தோணிராஜையும் பாப்பாவையும் கேட்டதாகச் சொல்.

நாலு பீரோ என்று குறைப்பட்டிருக்கிறாய். இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் நான் கற்றது ஒன்றுதான். எழுதியவன்தான் பதில் சொல்ல வேண்டும். உன் பதிவேட்டில் இன்னொருத்தன் கை வைத்தால் அவன் செய்த தப்புக்கும் நீதான் நிற்பாய். பூட்டி வைத்திருப்பதே நல்லது.

அந்தக் கல்யாண விஷயத்தை நீ எடுக்காதே, நானும் எடுக்கவில்லை. உன் மதினி உன் பெயரைச் சொன்னால் இன்னும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். ஆனால் கடிதம் வந்தது நல்லதுதான்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்
ஜெயபாண்டி

*

ராயபுரம்
16.2.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் நலம். வர்ஷினிக்குச் சளி, அவ்வளவுதான். நீ எழுதிய ஒன்றரைப் பக்கத்தை இவரிடம் இரண்டு தரம் படித்துக் காட்டினேன். “அண்ணனும் தங்கச்சியும் ராசியாயிட்டீகளாக்கும்” என்று கேலி செய்கிறார்.

போன வாரம் ஒரு பிள்ளை வந்தாள். பெயரும் ஊரும் எழுதமாட்டேன், தொழில் தர்மம். நம் பக்கத்துப் பேச்சு என்பதை மட்டும் சொல்கிறேன். வாயைத் திறந்ததும் எனக்கு ஊருக்கே போய்விட்ட மாதிரி இருந்தது. பனியனில் பிசிர் வெட்டும் வேலையில் இருந்தவள், மயங்கி விழுந்திருக்கிறாள். சாரதாமணி அக்கா கூட்டிவந்து மாடியில் தங்க வைத்தார்.

அவள் கபடி ஆடுகிறவள் அண்ணே. மாவட்டப் போட்டியில் விழுந்து முன்பல் பாதி உடைந்திருக்கிறது. சிரிக்கும்போது உள்ளங்கையால் வாயை மூடிக்கொள்வாள். அதைப் பார்க்கவே அவளைச் சிரிக்க வைக்கத் தோன்றும்.

நாலு மேஜையிலும் அவளிடம் கேள்வி கேட்டோம். நாலாவதாக என்னிடம் வந்தபோது சலித்துப்போய்ச் சொன்னாள்: “எக்கா, கம்பெனியில பனியன் கட்டு ஒரு டேபிள்லருந்து அடுத்த டேபிளுக்குப் போறப்ப கூடவே ஒரு சீட்டு போகும். எங்க வெட்டுனது, யாரு தைச்சது எல்லாம் அதுல இருக்கும். பனியனப் புடிச்சு யாரும் கேள்வி கேக்க மாட்டாக. இங்க நானேதான் சீட்டாக்கும்.”

அதைக் கேட்டதிலிருந்து சாரதாமணி அக்கா என்னை விடவில்லை. “ஏனுங்க சித்ரா, புதங்கெழம புதங்கெழம நாலு பேரும் ஒரு மேசையில உக்காந்து பேசுனா என்னங்க? புள்ளைய எத்தன வாட்டிங்க கேக்கறது?” என்று தினமும் கேட்கிறார். மூடிப்போன ஒரு கம்பெனியிலிருந்து பழைய கட்டிங் டேபிள்கூட வாங்கிப் போட்டுவிட்டார். நான் முடியாது என்றேன். என்னை நம்பிச் சொன்னது என் பீரோவில்தான் இருக்கும். நர்ஸுக்கும் வக்கீலுக்கும் அது எதற்கு? நீயும் அதைத்தானே எழுதினாய்.

மதினிக்கு என் அன்பைச் சொல், வாங்கிக்கொள்கிறார்களா என்று பார்.

தங்கை
சித்ரா

*

22.2.2025

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதம் நேற்றுத்தான் வந்தது, உடனே எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். பாப்பாவின் சளிக்குத் துளசியும் மிளகும் போட்டுக் கஷாயம் கொடு.

அந்தப் பிள்ளையைப் பற்றி நீ எழுதியதைப் படிக்கப் பாவமாக இருந்தது. எத்தனை மாதமாக அங்கே இருக்கிறாள்? மாடியில் இரவும் பகலும் ஆள் காவல் உண்டா? யாருக்குப் பயந்து வந்திருக்கிறாள்? வேறொன்றுமில்லை, சும்மா கேட்கிறேன். உன் வேலையைத் தெரிந்துகொள்ளலாமே என்றுதான்.

நீ நன்றாக எழுதுகிறாய். நிறைய எழுது.

அண்ணன்
ஜெயபாண்டி

*

ராயபுரம்
5.3.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம், உன் நலமறிய ஆவல். கஷாயம் வேலை செய்தது. என் வேலையைப் பற்றி நீ அக்கறையாகக் கேட்டது இதுதான் முதல் தடவை, தெரியுமா? சந்தோஷத்தில் வேலைக்குப் போகும் பஸ்ஸிலேயே படித்தேன்.

அவள் ஜனவரி முதல் வாரம் திருப்பூருக்கு வந்தவள். மாடியில் வாட்ச்மேன் பகலில் கிடையாது, இருக்கிறவர்கள்தான் பார்த்துக்கொள்கிறோம். தாய்மாமனுக்குப் பயந்து வந்திருக்கிறாள். ஏன் என்பதை உனக்கும் எழுதமாட்டேன். “ஒருத்தர்ட்டயும் சொல்லிராதீகக்கா” என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது அது. பீரோவில் பூட்டி, சாவியை என் பையில் வைத்திருக்கிறேன்.

பத்தாம் தேதியிலிருந்து மூன்று நாள் கோயம்புத்தூரில் பயிற்சி. தலைப்பைக் கேட்டால் சிரிப்பாய்: பல துறையினர் சேர்ந்து பணியாற்றுவது எப்படி.

தங்கை
சித்ரா

*

ராயபுரம்
16.3.2025

ஜெயபாண்டிக்கு,

நலமா என்று கேட்க மனமில்லை.

ஜோதிகா போய்விட்டாள். அதுதான் அவள் பெயர், உனக்குத்தான் தெரியுமே. பதினொன்றாம் தேதி காலை அவள் அம்மாவும் மாமன் சோணைமுத்துவும் இரண்டு போலீஸும் வந்திருக்கிறார்கள். காணாமல் போன பிள்ளை, வயது பதினேழு, தேடி வந்திருக்கிறோம் என்று காகிதம் கொடுத்திருக்கிறார்கள். குழந்தைகள் நலக்குழு முன்னால் நிறுத்தியபோது குடும்பத்தோடு அனுப்ப ஆட்சேபணை உண்டா என்று கேட்டார்களாம். லிங்கசாமி சார் தன் பதிவேட்டைப் பார்த்து, இல்லை என்றிருக்கிறார். அவர் பதிவேட்டில் இல்லைதான். பிள்ளை வாயே திறக்கவில்லையாம். திறக்க முடியாதபடி அம்மா பக்கத்திலேயே நின்றிருக்கிறாள்.

நான் வந்ததும் சாரதாமணி அக்கா என்னை உட்கார வைத்துச் சொன்னார்: “ஒரு வார்த்த எங்கிட்ட சொல்லியிருந்தீங்கன்னா நான் வாசப்படியில படுத்திருப்பனுங்க. என்னைய மிதிச்சுட்டுத்தான் கூட்டீட்டுப் போயிருப்பாங்க.” கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பிறகு நித்யஸ்ரீ அந்தக் காகிதங்களைக் காட்டினாள். மேலே இருந்தது அச்சடித்தது. கீழே அடையாளக் குறிப்பு கையால் எழுதியிருந்தது. ‘முன்பல் ஒன்று பாதி உடைந்திருக்கும். திருப்பூரில் உதவி மையம் ஒன்றின் மாடியில் தங்கியிருப்பதாகத் தகவல்.’ அந்தக் கையெழுத்தை நான் பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து பார்க்கிறேன். என் கட்டுரை நோட்டுக்கெல்லாம் தலைப்பு எழுதிக் கொடுத்த கை.

நான் ஊரில் இல்லாத நாளாகப் பார்த்து அனுப்பினாயா? இதற்கு மட்டும் பதில் எழுது.

சித்ராதேவி

*

26.3.2025

தங்கச்சிக்கு,

ஆமாம். நீ இல்லாத நாளாகப் பார்த்துத்தான் அனுப்பச் சொன்னேன். உன்னோடு நேருக்கு நேர் மோத வேண்டாம் என்று நினைத்தேன். அது தப்பு.

மற்றதையும் கேள். ஜனவரி ஆறாம் தேதி அவள் அம்மா ஸ்டேஷனில் வந்து தரையில் உட்கார்ந்து அழுதாள். புகார் எழுதியது நான். பதினேழு வயதுப் பிள்ளை, உயிரோடு இருக்கிறாளா என்றே தெரியாது. ஒன்றரை மாதம் கழித்து உன் கடிதத்தில் அந்தப் பல் வருகிறது. தெரிந்த இடத்தைச் சொல்லாமல் மறைக்க எனக்கு அதிகாரம் கிடையாது. மாமனுக்குப் பயம் என்று எழுதினாய். படிக்கச் சொல்லி அதட்டுகிற மாமனுக்கும் பிள்ளைகள் பயப்படும். ஏன் என்று நீ எழுதவில்லை. பாதியை எனக்கு அனுப்பினாய், மீதியைப் பூட்டி வைத்தாய். அந்தப் பாதியை வைத்து நான் வேலை செய்தேன்.

ஸ்டேஷனில் கையெழுத்து வாங்கும்போது அந்தப் பிள்ளையைப் பார்த்தேன். என்னை ஒரே ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தது. அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

இப்போது கேள்விப்படுகிறேன். வைகாசி நாலாம் தேதி, மே பதினெட்டு, சோணைமுத்துவுக்கும் அவளுக்கும் கல்யாணம் பேசி முடித்துவிட்டார்களாம். அவனுக்கு முப்பத்துநாலு வயது. கேட்டால் வெறும் பேச்சு என்று சாதிக்கிறார்கள். பத்திரிகை இல்லை, அக்கம்பக்கம் வாய் திறக்காது. உன் பீரோவில் இருப்பதைக் காகிதத்தில் அனுப்பு. அது இல்லாமல் நான் அந்த வீட்டு வாசலில் நிற்க முடியாது.

ஜெயபாண்டி

*

ராயபுரம்
6.4.2025

அண்ணனுக்கு,

உடம்பு சுகம்தான். மனசைப் பற்றிக் கேட்காதே.

உன் கடிதம் வந்து மூன்று நாள் யோசித்தேன். யாரிடமும் சொல்லாதே என்று கையைப் பிடித்துக் கேட்டவள் அவள். அவளைக் கேட்டுவிட்டுச் சொல்ல வழியில்லை. ஏப்ரல் இரண்டு, புதன்கிழமை, நானே போய் மற்ற மூன்று பேரையும் கட்டிங் டேபிளுக்குக் கூப்பிட்டேன். பீரோவைத் திறந்து அவள் காகிதக் கட்டை எடுத்து வைத்தேன். முதலில் உனக்கு எழுதிய கடிதங்களைப் பற்றிச் சொன்னேன். லிங்கசாமி சார் மேஜையைத் தட்டினார். “எங்களுக்குக் காட்டமாட்டேன்னு பூட்டி வெச்சதை எரநூறு மைலுக்கு அந்தாண்ட தபால்ல அனுப்புனீங்களா?” என்று கேட்டார்.

அப்புறம் ஒவ்வொருவராகத் தங்கள் பதிவேட்டைப் படித்தார்கள். சாரதாமணி அக்காவிடம் இருந்தது: இடது மணிக்கட்டில் பிறை மாதிரிப் பழைய தீக்காயம், சமையலில் பட்டதாகச் சொன்னாள். நித்யஸ்ரீயிடம்: ஒரே எண்ணிலிருந்து பதினான்கு தடவை போன், ஒரு ஆண் குரல், ஜோதிகா அங்கே இருக்கிறாளா என்று மட்டும் கேட்டு வைத்துவிடுகிறது. வக்கீல் சாரிடம்: எத்தனை வயதில் நானே கையெழுத்துப் போடலாம் என்று அவள் கேட்டது. என்னிடம்: மேலே படிக்கிறேன் என்று சொன்னதற்கு அவள் கையைப் பிடித்துத் தோசைக்கல்லில் வைத்தது யார் என்பது.

படித்து முடித்ததும் சாரதாமணி அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நாலையும் சேர்த்து எழுதி, நாலு பேரும் கையெழுத்துப் போட்டு, உன் ஸ்டேஷனுக்கும் உங்கள் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலருக்கும் மறுநாளே முறைப்படி அனுப்பிவிட்டோம். டிரஸ்ட்டிலிருந்து எனக்கு மெமோ வந்திருக்கிறது. வேலை போனாலும் போகும்.

அண்ணே, எனக்கு அவளைக் கல்யாணத்துக்கு முன்னால் வெளியே கொண்டுவர வேண்டும். வேறொன்றும் வேண்டாம்.

சித்ரா

*

ராயபுரம்
27.4.2025

அண்ணனுக்கு,

நலமா? மூன்று வாரமாக உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. ஸ்டேஷனில் கேட்டால் விசாரணையில் இருக்கிறது என்கிறார்கள். நேற்று உனக்குப் போன் செய்தேன். மதினி எடுத்து, “அவுக வெளியில போயிருக்காக” என்று வைத்துவிட்டார்கள். இன்னும் இருபத்தோரு நாள்தான் இருக்கிறது. திட்டியாவது எழுது. நான் தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசலிலேயே நிற்கிறேன்.

சித்ரா

*

12.5.2025

அன்புத் தங்கச்சிக்கு,

முதலில் இதைப் படித்துவிடு. பிள்ளை வெளியே வந்துவிட்டாள். அரசு இல்லத்தில் இருக்கிறாள்.

ஏன் எழுதவில்லை என்று கேட்பாய். எழுதினால் பாதிதான் எழுத முடியும், பாதி எழுதியதால் வந்த வினை போதும் என்று இருந்தேன். இன்ஸ்பெக்டர் பொறுத்திரு என்றார். குழந்தைகள் பாதுகாப்பு அலுவலர் விடுப்பில் போனார். கடைசியில் உங்களைப் பார்த்துத்தான் செய்தேன். கிராம நர்ஸ், அவளுக்குக் கபடி சொல்லிக்கொடுத்த டீச்சர், அலுவலர், நான், நாலு பேரும் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து உங்கள் காகிதத்தை முழுக்கப் படித்தோம். அவரவருக்குத் தெரிந்ததையும் சேர்த்து எழுதினோம். எட்டாம் தேதி ஒன்றாகப் போனோம்.

வாசலில் பந்தக்கால் நட்டிருந்தது. சோணைமுத்து என்னைப் பார்த்துச் சிரித்தபடி எழுந்து வந்தான். “என்ன ரைட்டரய்யா, நீகதான கண்டுபிடிச்சுக் கூட்டியாந்து விட்டீக, இப்ப நீகளே கேக்குறீகளே?” என்றான். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. டீச்சர்தான் அவனைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனது.

கிராம நர்ஸ் பிள்ளையின் கையைப் பிடித்துப் பார்த்தாள். இடது மணிக்கட்டில் உங்கள் நர்ஸ் எழுதிய தழும்பு இருந்தது. வலது மணிக்கட்டில் ஒன்று இருந்தது. அது உங்கள் காகிதத்தில் இல்லை. ஆறாத புண்.

மார்ச் பதினொன்றுக்குப் பிறகு வந்தது அது. நீயும் நானும் சேர்ந்து வாங்கிக் கொடுத்தது. வேறு யாரிடமும் இதை நான் சொல்லவில்லை, உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சோணைமுத்து உள்ளே இருக்கிறான். உன் மதினி அன்றைக்கு ஒன்றும் கேட்காமல் சோறு கட்டி இல்லத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள். வந்து, “சித்ராவுக்குப் போன் போட்டுச் சொல்லிருங்க” என்றாள். நான்தான் எழுதுகிறேன் என்றேன்.

பிள்ளை திருப்பூருக்கே போகிறேன் என்கிறது. நர்ஸம்மாவிடம் போகிறேன் என்கிறது.

அண்ணன்
ஜெயபாண்டி

*

ராயபுரம்
22.6.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லோரும் சுகம். முழங்காலுக்கு ஊசி போட்டதாக மதினி போனில் சொன்னார்கள். ஒரு மணி நேரம் பேசினோம், சண்டை வரவில்லை. எனக்கு வேலை போகவில்லை, எச்சரிக்கையோடு விட்டார்கள்.

ஜோதிகா இம்மாதம் பத்தாம் தேதி வந்து சேர்ந்தாள். என்னைப் பார்த்து வணக்கம் சொன்னாள். அக்கா என்று கூப்பிடவில்லை. நான் கேட்க நினைத்த மன்னிப்பை நின்றபடியே கேட்டேன். “சரிங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு மாடிக்குப் போனாள்.

இப்போது எங்கள் மையத்திலும் சீட்டு வந்துவிட்டது. சாரதாமணி அக்கா பனியன் கட்டில் செருகுவது போன்ற அதே அட்டையில் அச்சடித்து வாங்கி வந்தார். வருகிறவர்கள் ஒரு தரம் சொன்னால் போதும், நாலு மேஜைக்கும் அதுவே போகும். கடைசி வரியை மட்டும் வந்தவர்களே எழுத வேண்டும். ‘யாரிடம் சொல்லக் கூடாது.’ அதை எழுதிய பிறகு நாங்கள் நாலு பேரும் கீழே கையெழுத்துப் போட வேண்டும்.

அவள் எழுதும்போது நான் எதிரில்தான் இருந்தேன். வலது கையில் இன்னும் கட்டு, அதனால் மெதுவாக எழுதினாள். முதலில் சோணைமுத்து என்று எழுதினாள். கொஞ்சம் நிறுத்தி, அதற்குப் பக்கத்தில் என் பெயரை எழுதினாள். முழுப் பெயர், சித்ராதேவி. எழுதிவிட்டு சாரதாமணி அக்காவைப் பார்த்தாள். “எழுதுனது எழுதுனதுதான் கண்ணு, யாரும் அடிச்சுத் திருத்த மாட்டாங்க” என்றார் அவர். சீட்டு என்னிடம் வந்தது. நான் கையெழுத்துப் போட்டேன். அண்ணே, அப்போது எனக்கு அழுகை வந்தது, அதை அவள் பார்க்கக் கூடாது என்று குனிந்துகொண்டேன்.

ஒவ்வொரு புதன்கிழமையும் அவளையும் உட்கார வைத்துப் பேசுகிறார்கள். அவள் சீட்டு வெளியே வந்ததும் நான் டீ டம்ளர்களை எடுத்துக்கொண்டு பின்பக்கம் கழுவப் போய்விடுவேன். யாரும் போகச் சொல்வதில்லை, நானே எழுந்துவிடுகிறேன். கழுவ நாலு டம்ளர்தான். மெதுவாகக் கழுவுவேன். போன புதன் உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. அவள் குரல்தான். வாயை மூடிக்கொண்டு சிரித்தாளா, மூடாமல் சிரித்தாளா என்று பார்க்க ஆசையாக இருந்தது. போகவில்லை.

இனி அவளைப் பற்றி என்னிடம் கேட்டு எழுதாதே. எனக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்தாலும் எழுதமாட்டேன்.

உன் தங்கை
சித்ரா